ஒரு யூனிட்டில் நூறு கிலோமீட்டர்: வாடகை மின்வண்டிகளின் முழுக் கணக்கு

பேர்ட் நிறுவனம் 2017-இல் கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவில் வாடகை மின் ஸ்கூட்டர்களை இறக்கியபோது பயன்படுத்திய வண்டி, ஷாவ்மியின் எம்365. நம் ஊர் ஸ்கூட்டர் மாதிரி உட்கார்ந்து ஓட்டுவதல்ல. பலகை மேல் நின்றபடி ஓட்டும் சின்ன வண்டி. எடை பன்னிரண்டரை கிலோ. பேட்டரியின் கொள்ளளவு 280 வாட்-மணி. ஒருமுறை முழுக்க சார்ஜ் செய்தால் 30 கிலோமீட்டர் போகும் என்று தயாரித்தவர்கள் சொன்னார்கள். வகுத்துப் பாருங்கள்: கிலோமீட்டருக்கு 9 வாட்-மணிக்குக் கொஞ்சம் மேல். மின்கட்டணத்தில் வருகிற ஒரு யூனிட் என்பது 1000 வாட்-மணி. அப்படியென்றால் ஒரு யூனிட்டில் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர்.

பெட்ரோல் பைக்கோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இன்னும் துலங்கும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் பைக், கிலோமீட்டருக்கு 180 வாட்-மணியை எரிக்கிறது. மின் ஸ்கூட்டர் எடுப்பதைப் போல இருபது மடங்கு. நியாயமாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: அனல் மின்நிலையத்தில் எரியும் நிலக்கரியின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் மின்சாரமாக வெளியே வருகிறது. அதையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும் மின் ஸ்கூட்டருக்கு ஆறு மடங்குச் சிக்கனம் மிஞ்சும்.

இந்த எண்களை வைத்துத்தான் வாடகை மின்வண்டி நிறுவனங்கள் நகரங்களின் கதவைத் தட்டின. எண்களில் பொய்யில்லை. ஆனால் அவை கணக்கின் மிகச் சின்ன பகுதி மட்டுமே.

முதலில் அந்தச் சின்ன பகுதியையே கொஞ்சம் கிட்டத்தில் பார்த்துவிடலாம். எழுபது கிலோ ஆள், முப்பது கிலோ வண்டி (இப்போதைய வாடகை ஸ்கூட்டர்கள் அவ்வளவு கனத்துக்கு வந்துவிட்டன) என்று மொத்தம் 100 கிலோ வைத்துக்கொள்வோம். வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். டயருக்கும் சாலைக்குமான உராய்வைத் தாண்ட ஒரு கிலோமீட்டருக்கு 3 வாட்-மணிக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். காற்றைத் தள்ளிக்கொண்டு போக இன்னொரு 3. மோட்டாரிலும் அதன் கட்டுப்பாட்டுக் கருவியிலும் சூடாகப் போவது 2. சிக்னலில் நின்று மறுபடி வேகமெடுக்க ஒவ்வொரு முறையும் அரை வாட்-மணிக்குச் சற்றுக் குறைவு. எல்லாம் சேர்ந்து பத்தை ஒட்டி வந்து நிற்கிறது. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள கார் அதே சிக்னலில் அதே வேகத்துக்கு வர, இதைப் போலப் பத்துப் பன்னிரண்டு மடங்கு ஆற்றலைச் செலவழிக்க வேண்டும். காருக்குள் ஒரே ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் அதுதான் கதி. மின்வண்டியின் பலமே இதுதான்: சுமக்க வேண்டிய மனிதரைவிட வண்டியின் எடை குறைவு.

வாடகைக்கு என்று வந்ததும் இதிலும் சில விஷயங்கள் மாறிவிடுகின்றன. பஞ்சர் ஒட்டிக் கட்டுப்படியாகாது என்று பல நிறுவனங்கள் காற்றில்லாத திட ரப்பர் டயருக்குப் போயின. அதில் உராய்வு கூடுதல். ஓட்டுபவர்கள் பலர், பள்ளத்தில் இறக்குபவர்கள் பலர் என்பதால் வண்டியின் சட்டகத்தைப் (ஃபிரேம்) பருமனாக்கினார்கள், எடை ஏறியது. ஆனாலும் இந்த இழப்புகள் கிலோமீட்டருக்கு ஓரிரு வாட்-மணிதான். பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருந்தது.

2019 ஆகஸ்டில் நார்த் கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அதே ஷாவ்மி ரக வண்டி ஒன்றைப் பிரித்துப்போட்டு அதிலிருக்கும் உலோகம், பேட்டரி, மோட்டார் எல்லாவற்றையும் எடை போட்டு ஒரு கணக்கை வெளியிட்டார்கள். தயாரிப்பு, கப்பல் பயணம், தினசரி சார்ஜ், வண்டியைத் திரட்டும் வேலை என்று எதையும் விடவில்லை. விடை, ஒரு பயணி ஒரு மைல் போக 202 கிராம் கார்பன் டை ஆக்சைடு. கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 126 கிராம். அதில் பாதி, வண்டியைத் தயாரித்ததற்கு. 43 சதவீதம், இரவில் வண்டிகளைப் பொறுக்கி எடுத்துப்போய் சார்ஜ் செய்து காலையில் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தியதற்கு. பேட்டரிக்குள் ஏற்றிய மின்சாரத்தின் பங்கு 5 சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

வண்டியை ஓட்டும் மின்சாரம் இருபதில் ஒரு பங்கு. வண்டியைப் பிறப்பிப்பதும் பராமரிப்பதும் மீதிப் பத்தொன்பது பங்கு. இந்தத் துறையைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நான் இந்த விகிதத்தோடுதான் உரசிப் பார்க்கிறேன். மோட்டாரின் திறனை இன்னும் ஒரு சதவீதம் கூட்டினோம் என்று ஒரு நிறுவனம் விளம்பரம் செய்தால் மகிழ்ச்சிதான், ஆனால் அந்தப் பத்தொன்பது பங்கைப் பற்றி என்ன சொல்கிறது என்பதே கேள்வி.

தயாரிப்புக்கு ஏன் இவ்வளவு? வண்டியின் சட்டகம் அலுமினியம். பாக்சைட் தாதுவிலிருந்து வரும் அலுமினாவை உருக்கி அலுமினியமாக்க, கிலோவுக்குச் சுமார் 14 யூனிட் மின்சாரம் வேண்டும். சீனாவில் அதில் பெரும்பகுதி நிலக்கரி மின்சாரம். அதன்மேல் லித்தியம் பேட்டரி, செப்புச் சுருள்கள், நிரந்தரக் காந்தங்கள், சர்க்யூட் பலகைகள். இதெல்லாம் சாலைக்கு வருவதற்கு முன்பே செலவாகிவிட்ட ஆற்றல். அப்புறம் அதை எத்தனை கிலோமீட்டருக்குப் பங்கிடுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு வண்டியைத் தயாரிக்க 200 கிலோ கார்பன் ஆனது என்று வைத்துக்கொண்டால், அது 10,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 20 கிராம். ஆயிரம் கிலோமீட்டரில் உடைந்துபோனால் 200 கிராம்.

முதல் தலைமுறை வண்டிகள் ஆயிரத்தைக்கூட எட்டவில்லை என்பதற்கு வலுவான சான்று, அமெரிக்காவின் லூயிவில் நகரத்திலிருந்து வந்தது. கென்டக்கி மாநிலத்தில் இருக்கும் அந்த நகரம், வண்டி எண்ணோடு கூடிய சவாரித் தகவலைப் பொதுவில் போட்டது. 2019-இல் ஒரு செய்தித்தளம் அதை எடுத்து, ஒவ்வொரு வண்டியும் முதலில் தென்பட்ட நாளையும் கடைசியாகத் தென்பட்ட நாளையும் எண்ணியது. ஆரம்பத்தில் இறக்கிய வண்டிகளின் சராசரி ஆயுள் ஒரு மாதம்கூட வரவில்லை. சுமார் 29 நாள். வீட்டுக்கு வாங்கினால் பல வருடம் உழைக்கும் அதே மாடல், தெருவில் ஒரு மாதத்தில் முடிந்துபோனது.

ஆயுள் முடிவது உடைவதால் மட்டுமல்ல. 2020 மே மாதம் ஊபர் நிறுவனம் தன்னுடைய ஜம்ப் வாடகைச் சைக்கிள் தொழிலை லைம் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. லைம் எடுத்துக்கொள்ளாத ஆயிரக்கணக்கான சிவப்பு மின்சைக்கிள்கள் பழைய இரும்புக் களத்துக்குப் போய் நசுக்கப்பட்டன. ஓடும் நிலையில் இருந்தவையும் அதில் உண்டு என்று பார்த்தவர்கள் கொதித்தார்கள். பேட்டரியும் சார்ஜர் வகையும் தனியானவை, தனிநபருக்குக் கொடுத்தால் பாதுகாப்புப் பொறுப்பு யாருடையது என்றெல்லாம் காரணம் சொல்லப்பட்டது. காரணங்கள் இருக்கட்டும். ஒரு நிறுவனத்தின் வணிக முடிவு, சைக்கிள்களுக்குள் ஏற்கெனவே போட்டுவைத்த ஆற்றலைக் குப்பையாக்கிவிட முடிகிறது என்பது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

இப்போது அந்த 43 சதவீதத்துக்கு வருவோம். ஆரம்ப நாட்களில் வண்டிகளைச் சார்ஜ் செய்தவர்கள் ஊழியர்கள் அல்ல. சொந்தக் கார் வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் செயலியில் பதிந்துகொண்டு, இரவில் தெருத்தெருவாகச் சுற்றி ஸ்கூட்டர்களை அள்ளிப்போட்டு, வீட்டுப் பிளக்கில் சார்ஜ் ஏற்றி, விடிவதற்குள் கொண்டுபோய் நிறுத்தலாம்; வண்டிக்கு இவ்வளவு என்று காசு. ஒரு வண்டிக்காக ஒருவர் நாலு கிலோமீட்டர் போய், அதற்குள் வேறொருவர் அதை எடுத்துவிட்டால் வெறுங்கையோடு திரும்புவதும் உண்டு. இந்த வேலைக்கு வரும் டீசல் வேன் லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் ஓடுகிறது என்றால், கிலோமீட்டருக்கு ஒரு யூனிட் அளவு ஆற்றல் போகிறது. ஒரு யூனிட்டில் ஸ்கூட்டர் நூறு கிலோமீட்டர் போகும் என்று மேலே பார்த்தோம். ஆக, வேன் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் ஸ்கூட்டரின் நூறு கிலோமீட்டரை விழுங்கிவிடுகிறது.

இதற்குக் கிடைத்த விடை, கழற்றி மாட்டும் பேட்டரி. வண்டி இருந்த இடத்திலேயே இருக்கும். பேட்டரி மட்டும் வந்து போகும். 2019-க்குப் பிறகு ஐரோப்பிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாக இதற்கு மாறின. பேட்டரி மாற்ற மின் வேனிலும் சரக்கு சைக்கிளிலும் ஆட்களை அனுப்பத் தொடங்கினார்கள். லைம் தன்னுடைய நான்காம் தலைமுறை ஸ்கூட்டருக்கும் சைக்கிளுக்கும் ஒரே பேட்டரியை வைத்தது; ஒரே சுற்றில் இரண்டு வகை வண்டியையும் கவனித்துவிடலாம். தைவானின் கோகோரோ ஒரு படி மேலே போனது. 2015-இல் தொடங்கிய அதன் பேட்டரி மாற்றும் நிலையங்களில் ஓட்டுபவரே காலிப் பேட்டரியைச் சொருகிவிட்டு நிறைந்ததை எடுத்துக்கொண்டு போகிறார். 2019-இல் வந்த அதன் கோஷேர் வாடகை ஸ்கூட்டர்களும் அதே நிலையங்களைத்தான் பயன்படுத்துகின்றன. அங்கே வேனுக்குப் பெரிதாக வேலையே இல்லை.

ஆயுளும் கூடியிருக்கிறது. இன்றைய வாடகை ஸ்கூட்டர்கள் தெருவுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. மாதக்கணக்கு போய் வருடக்கணக்காகிவிட்டது. அந்த வகையில் 2019-இன் 126 கிராமைக் காட்டி இன்றைய வண்டிகளைத் திட்டுவது சரியில்லை. ஆனால் மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது, அதற்குத் தொழில்நுட்பத்தால் பதில் சொல்ல முடியாது. இந்த வண்டி இல்லாவிட்டால் அந்த ஆள் எதில் போயிருப்பார்?

நார்த் கரோலினாவின் ராலே நகரத்தில் ஓட்டியவர்களைக் கேட்டபோது, 49 சதவீதத்தினர் நடந்தோ சைக்கிளிலோ போயிருப்போம் என்றார்கள். காரில் போயிருப்போம் என்றவர்கள் 34 சதவீதம். 11 சதவீதம் பேருந்து. மீதிப் பேர் அந்தப் பயணத்தையே போயிருக்க மாட்டார்கள். பாரிஸில் இது இன்னும் மோசம். அங்கே மெட்ரோவும் நடையும்தான் நகரத்தின் கால்கள். ஸ்கூட்டர் பறித்தது பெரும்பாலும் அவற்றிடமிருந்து. அந்த நகரத்தின் வாடகை ஸ்கூட்டர்களால் ஒரே ஆண்டில் கூடுதலாக 13,000 டன் அளவுக்குக் கார்பன் வெளியேறியதாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. கூடுதலாக என்பதைக் கவனிக்க வேண்டும். குறைக்க வந்த வண்டி கூட்டிவிட்டது. 2023 ஏப்ரல் 2 அன்று பாரிஸ் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, வந்தவர்களில் 89 சதவீதம் பேர் வேண்டாம் என்று சொல்ல, அந்த ஆண்டு ஆகஸ்ட் முடிவோடு 15,000 ஸ்கூட்டர்களும் தெருவை விட்டுப் போயின. வாக்களிக்க வந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை, அவர்களை அப்படி வாக்களிக்க வைத்ததும் நடைபாதை நெரிசலும் விபத்தும்தான், ஆற்றல் கணக்கு அல்ல. இருந்தாலும் முடிவு அந்தக் கணக்கோடு ஒத்துப்போனது.

சூரிச்சில் ஈடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் சொன்னது என்னை அதிகம் யோசிக்க வைத்தது. வாடகை மின்வண்டிகள், தாங்கள் இடம்பிடித்த பயணங்களைவிட அதிகக் கார்பனை வெளியேற்றுகின்றன. சொந்தமாக வாங்கிய மின் ஸ்கூட்டரும் மின்சைக்கிளும் குறைவாக வெளியேற்றுகின்றன. ஒரே வகை வண்டி, எதிரெதிர் விளைவு. சொந்தக்காரர் அதை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிறார், சமையலறைப் பிளக்கில் சார்ஜ் போடுகிறார், நீண்ட தூரத்துக்கும் எடுக்கிறார், பலர் காரை நிறுத்திவிட்டு எடுக்கிறார்கள். பகிர்ந்தாலே சிக்கனம் என்று நாம் எளிதாக நம்பிவிடுகிறோம். காரைப் பகிர்ந்தால் அது உண்மை. ஒரு வண்டியில் நாலு பேர் போகலாம். ஸ்கூட்டரில் ஒரு நேரத்தில் ஒருவர்தான்.

இதையெல்லாம் அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவர முடியாது. அமெரிக்க ஆய்வு ஒப்பிட்டது அமெரிக்கக் காரோடு. நம் நகரங்களில் ஒப்பிட வேண்டியது பெட்ரோல் இருசக்கர வண்டியோடு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 46 கிராம். எண்ணெய் எடுத்துச் சுத்திகரிப்பதையும் பைக்கைத் தயாரிப்பதையும் தாராளமாகச் சேர்த்தாலும் அந்த 126-க்குக் கிட்டே வராது. அமெரிக்காவில் கார் ஓட்டியவரை மாற்றி லாபம் காட்டிய ஒரு வாடகை வண்டி, இங்கே ஒரு பைக்காரரை மாற்றியிருந்தால் நட்டத்தைத்தான் காட்டியிருக்கும். போதாக்குறைக்கு, இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 700 கிராமுக்கு மேல் கார்பன் வெளியேறுகிறது. நம் அளவுகோல் அங்கிருப்பதைவிடக் கடுமையானது.

அப்படியிருந்தும் இங்கே இது பிழைத்த விதம் வேறு. பெங்களூருவில் 2017-இல் தொடங்கிய யூலு என்ற வாடகை வண்டிச் சேவை, முதலில் மெட்ரோவிலிருந்து இறங்கியவர்களுக்கான வண்டியாகத்தான் வந்தது. மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாத, கால் கிலோவாட்டுக்கு மேற்படாத மோட்டார் கொண்ட வண்டிக்கு நம் சட்டப்படி பதிவும் வேண்டாம், ஓட்டுநர் உரிமமும் வேண்டாம். இந்தச் சலுகையைப் பெரிதும் பயன்படுத்திக்கொண்டவர்கள், உணவும் மளிகையும் கொண்டுபோய்க் கொடுக்கும் டெலிவரி ஊழியர்கள். இன்று பெங்களூருவில் அந்த வண்டிகளைப் பார்த்தால் பின்னால் ஒரு டெலிவரிப் பை இருப்பது சர்வசாதாரணம்.

ஆற்றல் கணக்கில் இதுதான் உருப்படியான இடம் என்பது என் கருத்து. ஒரு டெலிவரி ஊழியர் நாளுக்கு 80 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று வைப்போம். பெட்ரோல் பைக் என்றால் 1.6 லிட்டர், 3.7 கிலோ கார்பன். மின்வண்டி, சுமையோடு கிலோமீட்டருக்கு 20 வாட்-மணி எடுத்தாலும் 1.6 யூனிட், சுமார் 1.2 கிலோ. ஒரு நாளில் இரண்டரை கிலோ மிச்சம். வண்டியைச் செய்ய 300 கிலோ ஆகியிருந்தாலும் நாலு மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். அப்புறம் ஓடுவதெல்லாம் லாபம். பேட்டரியை அவரே நிலையத்தில் மாற்றிக்கொள்வதால் வேனும் இல்லை. வண்டி தெருவில் சும்மா நிற்பதும் இல்லை. தன் பிழைப்பு அதில் இருப்பதால் அவர் அதைப் பள்ளத்தில் எறிந்துவிட்டுப் போவதும் இல்லை. மேலை நாட்டுக் கணக்கைக் கெடுத்த மூன்று ஓட்டைகளும் இங்கே பெரும்பாலும் அடைபட்டுவிடுகின்றன.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பெட்ரோல் விலையில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை ஊழியர் நாள் வாடகையாகக் கட்டிவிடுகிறார். மழையிலோ காய்ச்சலிலோ வேலைக்குப் போகாத நாளிலும் வாடகை ஓடினால், நகரத்தின் காற்றைச் சுத்தமாக்கும் செலவை நகரத்திலேயே குறைவாகச் சம்பாதிப்பவர் தலையில் கட்டியதாகிவிடும். மானியம் கொடுக்க அரசுக்கு எண்ணம் இருந்தால் முதலில் கொடுக்க வேண்டிய இடம் அது.

மெட்ரோ வாசலில் எடுத்து ஒன்றரை கிலோமீட்டர் போகும் சவாரியை அவசரப்பட்டுக் கழித்துவிடவும் கூடாது. அது நடையை மட்டும் மாற்றியது என்றால் நட்டம்தான். ஆனால் அந்த வண்டி அங்கே கட்டாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஒருவர் பைக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு மெட்ரோவில் வந்தால், சின்ன சவாரிக்குப் பின்னால் பதினைந்து கிலோமீட்டர் பெட்ரோல் மிச்சம் ஒளிந்திருக்கிறது. இந்த வண்டி இல்லாவிட்டால் எதில் போயிருப்பீர்கள் என்ற ஒற்றைக் கேள்வியில் இது பிடிபடாது. முழுப் பயணத்தையும் கேட்க வேண்டும்.

சும்மா நிற்கும் வண்டிக்கும் ஒரு செலவு உண்டு. ஜிபிஎஸ், சிம், பூட்டு எல்லாம் இரவும் பகலும் விழித்திருக்க வேண்டும். சராசரியாக ஒரு வாட் இழுத்தாலும் நாளுக்கு 24 வாட்-மணி. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியதற்குச் சமம். நாளுக்கு ஒரே ஒரு சவாரி போகும் வண்டி, ஓடுவதைவிட நின்றே அதிகம் செலவழிக்கும். வெயில் அதைவிடக் கொடியது. சித்திரை மாதத்தில் தார்ச்சாலை ஓரம் நாள் முழுக்க நிற்கும் வண்டிக்குள், முழுக்கச் சார்ஜ் ஏறிய லித்தியம் பேட்டரி இருந்தால் அதன் ஆயுள் விறுவிறுவென்று குறையும். சூடும் நிறை சார்ஜும் சேர்ந்தால் லித்தியத்துக்கு ஆகாது. ஒரு தகரக் கூரை நிழல், எந்த மோட்டார் மேம்பாட்டைவிடவும் அதிக ஆற்றலை நம் ஊரில் மிச்சம் செய்யும்.

நம் ஊர்களில் முன்பு தெருவுக்குத் தெரு இருந்த வாடகை சைக்கிள் கடைகளை நினைத்துப் பாருங்கள். மணிக்கு இவ்வளவு என்று நோட்டில் எழுதிக் கொடுப்பார்கள். கடைக்காரரே பஞ்சர் ஒட்டுவார், செயினுக்கு எண்ணெய் விடுவார், கோணிய ரிம்மை அவரே நிமிர்த்துவார். ஒரு சைக்கிள் இருபது வருடம் ஓடியது. எந்த உதிரிப்பாகமும் எந்தக் கடையிலும் கிடைத்தது என்பதுதான் அதற்குக் காரணம். இன்றைய வாடகை மின்வண்டியில் திருகாணி முதல் பேட்டரி வரை அந்த நிறுவனத்துக்கே உரியது. திருட்டைத் தடுக்க அது வேண்டியிருக்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் நிறுவனம் மூடிய மறுநாள் அந்த வண்டியைத் தொடக்கூட யாராலும் முடியாது.

அனுமதி கொடுக்கும் மாநகராட்சிகள் வழக்கமாகக் கேட்பது எத்தனை வண்டி, எங்கே நிறுத்துவது, எவ்வளவு கட்டணம் என்பவற்றைத்தான். லூயிவில் நகரம் வண்டி எண்ணோடு தகவலைக் கேட்டு வாங்கிப் பொதுவில் வைத்ததால்தான் அந்த 29 நாள் உலகத்துக்குத் தெரிந்தது. வண்டி எண், தெருவில் இறங்கிய தேதி, இதுவரை ஓடிய கிலோமீட்டர், கழித்துக் கட்டிய தேதி, பேட்டரிக்காக வேன் ஓடிய தூரம். இந்த ஐந்தை மாதாமாதம் வெளியிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். மீதிக் கணக்கை எந்தப் பொறியியல் கல்லூரி மாணவரும் ஒரே மாலையில் போட்டுவிடுவார்.